தியானத்துக்குக் கொண்டுபோன உப்பு

என் வீட்டுக்காரனை ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன். பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் குடியிருந்தோம். நான் ஒரு ஷூ கம்பெனியில் தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுகிற வேலை பார்த்தேன். அவனுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சதை எடுக்கிற வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிய ஈரத்தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி போட்ட வளைந்த கத்தியால் ஒட்டியிருக்கிற சதையை வழிக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தோல் பாழ். அவன் கத்தி பட்டு ஒரு தோல்கூடக் கிழிந்ததில்லை என்று ஷாப்பில் பேர் வாங்கியிருந்தான்.

வீட்டில் அந்தக் கை வேறு மாதிரி. குழம்பில் காரம் கம்மி என்றால் அடிப்பான், ஜாஸ்தி என்றாலும் அடிப்பான். கல்யாணமான இரண்டாம் வருஷம் வயிற்றில் ஒன்று தங்கியது. சோறு ஆறிப்போய்விட்டது என்று ஒரு மத்தியானம் எட்டி உதைத்தான். இரண்டு நாள் வலியில் சுருண்டு கிடந்தேன், பிறகு அது கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்லச் சொன்னது அவன் இல்லை. வெட்கக்கேட்டில் நானாகத்தான் சொன்னேன்.

தெருவில் யாரிடம் போய் அழுதாலும் ஒரே பேச்சுதான். “அவன் இன்னா பண்ணுவான் பாவம், கோவம் வந்தா கண்ணு தெரியாது. கை தானா எழுந்துக்கும்.” நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி அந்த வீட்டில் படுத்து எழுந்திருக்க முடியும்? கோபம் என்கிற பிசாசு ஒன்று அவனைப் பிடித்திருக்கிறது, அதை ஓட்டிவிட்டால் ஆள் தங்கம் என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நாளைக் கழித்தேன்.

மறுபடியும் வயிற்றில் தங்கியது. மூன்று மாசம் ஆகியும் அவனிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போன தடவையும் சந்தோஷப்பட்டான். அதற்கப்புறம்தான் உதைத்தான்.

கோலார் தங்கவயலில் என் அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை செய்தார். “வந்துடுடி, எங்களுக்கு வைக்கிற உலையில உனக்கும் ஒரு பிடி போடறேன்” என்று ஊர்க்காரர்களிடம் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். போவதா இருப்பதா என்று தெரியாமல் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். விரிஞ்சிபுரத்துக்கு இந்தப் பக்கம் பாலாற்றங்கரையில் ஒரு தியான வீடு இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிகளுக்கு மூன்று நாள் தியானம் தொடங்குகிறது, அவனைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

“ஆரம்பத்துலதாம்மா பேஜாரெல்லாம் வரும். பஸ்சு நிக்காது, எடம் கிடைக்காது, ஒண்ணுமில்லாததுக்கு எரிச்சல் வரும். அதெல்லாம் சோதனை. பல்லைக் கடிச்சிக்கினு முதல் நாளைத் தாண்டிடு. மத்ததை ஆண்டவர் பார்த்துப்பாரு.”

அன்றைக்கே கோயிலில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் பேரம் பேசினேன். அவன் கையை அடக்க முடியும் என்று எனக்குக் காட்டு. காட்டினால் இந்தப் பிள்ளையை அவன் வீட்டிலேயே பெறுகிறேன். காட்டாவிட்டால் தங்கவயலுக்கு ரயில் ஏறுகிறேன். இதற்குமேல் என்னால் ஆகாது.

அவன் வர ஒப்புக்கொண்டது எனக்காக இல்லை. அவன் ஷாப் மேஸ்திரி அந்தத் தியான வீட்டில் பந்தி விசாரிக்கிற தொண்டு செய்து வந்தார். எருமை மாதிரி ஆள். யாரை வேலைக்கு வைப்பது, யாரை நிறுத்துவது எல்லாம் அவர் வாயில்தான் இருந்தது. “வாடா, வந்து உக்காரு, புத்தி வரும்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். இவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

தியானத்துக்குப் போகிற குடும்பம் ஒவ்வொன்றும் பொதுச் சமையலுக்கு ஏதாவது கொண்டுபோவது வழக்கம். ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் விறகு. எங்களுக்கு உப்பு என்று சொல்லியிருந்தார்கள். தோல் ஷாப்பில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே இரண்டு உப்பு உண்டு. பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவுகிற புது உப்பு ஒன்று. வந்த தோலை ஊறப்போடுவதற்கு முன்னால் உதறிக் கொட்டுகிற உப்பு இன்னொன்று. உதறினதைப் பெருக்கி வாரி, வெயிலில் காயவைத்து, தென்னைக்குப் போடக் கேட்கிறவர்களுக்காகச் சாக்கில் கட்டி வைப்பார்கள். இரண்டு சாக்கும் ஒரே கொட்டகையில்தான் கிடக்கும். வியாழக்கிழமை வேலை முடிந்து சாராயத்தைப் போட்டுவிட்டு, இருட்டுக் கொட்டகையில் கையை விட்டு அள்ளிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் உப்புப் பையைத் தூக்கியதும் எனக்கு வாடை அடித்தது. பிரித்துப் பார்த்தேன். காவி நிறத்தில் கட்டி கட்டியாக இருந்தது, நடுநடுவே ஆட்டு முடி.

“ஏங்க, இது உதறின உப்பு மாதிரி இருக்குதுங்க. முடி கெடக்குது பாருங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் கொய்யென்றது.

“வருசக்கணக்கா உப்புல நின்னு வேல செய்யறவன் நானா, நீயா? பையைக் கட்டுடி.”

பழ வண்டிக்காரர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையைக் கட்டினேன். சாமியார் சொன்னது இதுதான், சோதனை ஆரம்பித்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். கன்னம் எரிந்த எரிச்சலில் பாதியில் எங்கே விட்டேன் என்று மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் பஸ் நிற்காமலே போனது. இரண்டாவதில் ஏறினால் மூச்சு விட இடமில்லை. கண்டக்டர் இவனைப் பார்த்து, “மூட்டையை வழியில வச்சா ஜனம் எப்டிய்யா ஏறும், அறிவு கெட்டவனே, தூக்கி மேல போடு” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஏசினார். எனக்கு உயிரே போனது. கண்டக்டருக்கு இன்றைக்கு மூக்கு உடையப்போகிறது, எங்களை இறக்கிவிடப் போகிறார்கள், தியானம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். இவன், “சரிங்கண்ணா, தோ போட்றேன்” என்று குழைந்துகொண்டே மூட்டையைத் தூக்கினான். உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றதும் முழங்கையை என் விலாவில் குத்தினான். கண்ணில் நீர் முட்டியது. வயிற்றில் படாமல் விலாவில் பட்டதே என்று அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு விசுவாசம் இருந்தது.

தியான வீட்டிலும் எரிச்சல் விடவில்லை. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். நாங்கள் தாமதமாகப் போனதால் அவனுக்குக் கக்கூஸ் பக்கத்தில்தான் இடம் மிச்சமிருந்தது. பாய் தீர்ந்துபோயிருந்தது. பாயைப் பங்கிட்ட பையன், “சாக்கு இருக்குது, அதுல படுங்க” என்றான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கைத்தது, தோல் ஷாப்புக் கழிவு இறங்கி ஆற்றோரக் கிணறெல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. பீடிக்கட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தனைக்கும் அவன் எல்லாரிடமும் தலையை ஆட்டினான். மற்றவர்கள் அந்தப் பக்கம் போனதும் என் புஜத்தை நகம் பதியக் கிள்ளித் திருகினான்.

“எல்லாம் உன்னாலடி. ஊட்டுக்கு வா, வச்சிக்கறேன்.”

முதல் நாள், முதல் நாள் என்று நான் முணுமுணுத்துக்கொண்டேன்.

நாலரைக்கு மணி அடித்தது. பிரசங்கம் செய்ய வந்திருந்த சாமியார் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியோடு இருந்தார். இந்த நிமிஷத்திலிருந்து மௌனம், கடவுளோடு மட்டும் பேசுங்கள் என்றார். இந்தக் காம்பவுண்டுக்குள் யார்மேலாவது கை ஓங்குகிறவர் அப்போதே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்றும் சொன்னார். நான் பெண்கள் வரிசையிலிருந்து எட்டி அவனைப் பார்த்தேன். கைகட்டி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

என் மனம் மட்டும் சமையல்கட்டுக்குப் போய்விட்ட உப்பிலேயே இருந்தது. மெல்ல எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு சிஸ்டர் நின்றிருந்தார். “சிஸ்டர், அந்த உப்பு...” என்றேன். விரலை உதட்டில் வைத்தார். நான் கையால் காட்டினேன். உப்புப் பையைக் காட்டினேன், மூக்கைப் பொத்திக் காட்டினேன், தலையில் கொம்பு வைத்து ஆடு என்று காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, ஒரு முறம் வெங்காயத்தை என் கையில் கொடுத்து உட்காரச் சொன்னார். எனக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் சமையல்காரம்மா பையை அவிழ்த்து, இருட்டு மூலையில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி அண்டாவில் கை கையாகப் போட்டார். “அக்கா, அதைப் போடாதீங்க” என்று கத்தியே விட்டேன். சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக் கோயிலுக்குள் கொண்டுபோய், மௌனத்தைக் கலைத்ததற்காக முழங்காலில் நிறுத்தினார். நின்றேன். ஆண்டவரே, நீரும் கேட்க மாட்டீரா என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

ஆறு மணிக்கு முன்பே பந்தி. குடியாத்தத்திலிருந்து வந்த நெசவுக் குடும்பங்களும் திமிரிப் பக்கத்து விவசாயக் குடும்பங்களும் ஒன்றும் தெரியாமல் குடிக்க ஆரம்பித்தார்கள். முகத்தைச் சுளித்தார்களே தவிர, தியானத்துக் கஞ்சி இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்கள். தோல் ஷாப்புக்காரர்கள் இருந்த வரிசையில் மட்டும் முதல் வாயிலேயே கைகள் நின்றுவிட்டன. அந்த வாடையிலேயே பிழைக்கிறவர்களுக்கு அது தெரியாதா? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மௌனமாயிற்றே, யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எழுந்து ஓடி வெளியே வாந்தி எடுத்தார்.

மேஸ்திரி ஒரு தட்டை வாங்கி வாயில் வைத்துப் பார்த்தார். அங்கேயே துப்பினார்.

“தோல் உப்பு. எவன்டா கொணாந்தது?”

இவன் எழுந்து நின்றான். அவர் பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார், பொத்தான்கள் தெறித்தன. கன்னத்தில் விட்ட அறை கூடம் முழுக்கக் கேட்டது.

“ஆட்டு ரத்தம் ஊறுன உப்பைப் போட்டு சனத்துக்குக் கஞ்சி ஊத்தறியா? சாமி காரியத்துக்குடா.”

இன்னொரு அறை. இவன் தள்ளாடிச் சுவரில் போய் மோதினான். மேஸ்திரி இடுப்பிலிருந்த அகலத் தோல் பெல்ட்டை உருவி விளாச ஆரம்பித்தார். தோளில், முதுகில், தடுக்காத முகத்தில். உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. கஞ்சித் தட்டுகள் காலில் பட்டு உருண்டன. வாந்தி எடுத்த ஆள் திரும்பி வந்து தன் பங்குக்கு இடுப்பில் ஒரு உதை விட்டார். பெண்கள் அலறினார்கள். குழந்தைகள் வீறிட்டன. மௌனம் போன இடம் தெரியவில்லை.

நான் அவன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர எருமைத்தோலை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுகிற கை. ஒரு வீச்சு வீசினால் மேஸ்திரி மல்லாந்திருப்பார். அந்தக் கை எழவில்லை. இரண்டு கையையும் முன்னால் கோத்து வைத்துக்கொண்டு, “தெரியாம நடந்துபோச்சுங்க, மன்னிச்சிக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே அடி வாங்கினான். பெல்ட்டின் வளையம் புருவத்தில் பட்டுக் கிழித்தபோதுகூடக் கோத்த விரல் பிரியவில்லை.

பிரசங்கச் சாமியார் ஓடிவந்து மேஸ்திரியைப் பிடித்துத் தள்ளினார். அப்புறம் இவன் பக்கம் திரும்பி, ரத்தம் வழிகிற முகத்தைத் தன் அங்கியாலேயே துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “எல்லாரும் பாருங்க. நாளைக்கு நான் பிரசங்கம் பண்ணணும்னு இருந்ததை இந்த மனுஷன் இன்னிக்கே பண்ணிட்டான். திருப்பி ஒரு அடி அடிச்சானா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினானா?” என்றார். மேஸ்திரியே பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, இவன் தோளில் முகம் வைத்து விம்மினார். முன்பின் தெரியாத பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். உன் ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள்.

நானும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்துச் சந்தோஷம் மாதிரி என் ஆயுசில் வேறு இல்லை. முடியும் என்று ஆண்டவர் காட்டிவிட்டார். பிசாசு போய்விட்டது. இனி நான் தங்கவயலுக்குப் போக வேண்டாம். பிள்ளை உண்டாயிருக்கிற விஷயத்தை இப்போதே, இந்த நிமிஷமே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

அவன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு. யாரும் கூட வரவில்லை, புருஷன் பெண்டாட்டி தனியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். முந்தானையை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினேன். புருவக் காயத்தில் கொஞ்சம் அழுந்திவிட்டது போலிருக்கிறது. புறங்கையால் என் வாயில் ஒன்று விட்டான். பல் குத்தி உதடு உப்புக் கரித்தது.

“மெதுவா தொடைக்கத் தெரியாது சனியனே?”

எனக்கு அழுகை வரவில்லை. வலிகூட உடனே தெரியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன்.

“அவரு அவ்ளோ அடிச்சாரே. ஏன் அவர அடிக்கல?”

நான் பைத்தியம் போலப் பேசுகிறேன் என்கிற மாதிரி பார்த்தான். “மேஸ்திரியையா? அவரை அடிச்சா நாளைக்கு எவன் வேல குடுப்பான்? சோத்துக்கு இன்னா பண்றது?”

“என்னை அடிக்கறீங்களே.”

“உன்னை அடிச்சா இன்னா ஆவும்?”

கோபமாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குனிந்து வாளியிலிருந்து தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

அவன் முதுகு என் முன்னால் இருந்தது. கிணறு அவன் முன்னால் இருந்தது. சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. என் இரண்டு கையும் எழுந்ததை நான் பார்த்தேன். அவனை உள்ளே தள்ளி, விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. கண்ணு தெரியாது என்பார்களே, எனக்கு எல்லாம் தெரிந்தது. அவன் காது மடலில் ஒட்டியிருந்த கஞ்சிப் பருக்கைகூடத் தெரிந்தது. எத்தனை வருஷம் இந்தப் பாவி கண் தெரியாமல் அடிக்கிறான் என்று நம்பி உபவாசம் இருந்தேன். கையைக் கீழே இறக்கினேன். இறங்கியது.

கூடத்துக்குப் போய் என் பையை எடுத்துக்கொண்டேன். கேட்டில் அந்த வெங்காயச் சிஸ்டர் நின்றிருந்தார். மௌனம்தான் ஏற்கெனவே போய்விட்டதே, அவரே பேசினார்.

“எங்கம்மா கிளம்பிட்ட? உன் புருசன ஆண்டவர் தொட்டுட்டாரு. கண்ணால பார்த்தோமே. இந்த நேரத்துல போவலாமா?”

“நானும் பார்த்தேன் சிஸ்டர். அதனாலதான் போறேன்.”

அவருக்குப் புரியவில்லை. என் உதட்டைப் பார்த்தார், அப்புறம் தாழ்ப்பாளை நீக்கினார். ரோட்டுக்கு வந்ததும் ஆம்பூர் பஸ் உடனே கிடைத்தது, உட்கார இடமும் இருந்தது. ஸ்டேஷனில், தங்கவயலுக்கு வண்டி மாறுகிற பங்காருப்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை முழுவதையும் சொன்னேன். இந்த முறை எந்த இடத்திலும் தப்பவில்லை. இருப்பதற்குத்தான் அடையாளம் கேட்டேன், போவதற்கு அனுப்பினார். அவரோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

என் மகள் தங்கவயலில் பிறந்தாள். அவள்மேல் இன்றுவரை யார் கையும் விழுந்ததில்லை. என் கையும்தான். எனக்குக் கோபம் வராது என்று யாராவது நினைத்தால் அவளையே கேட்டுப் பார்க்கலாம்.